ரத்தக்குழாய் வழியாக வந்த இரக்கம்

உங்கள் வலது கண்ணை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். கண்ணோடு சேர்த்து மேல் தாடையில் பாதியையும் எடுக்க வேண்டும் என்றார். அது போன வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை. இன்று இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் சபையின் மாதப் பத்திரிகைக்கு சாட்சி எழுதிக் கொடுங்கள் என்று பாஸ்டர் அம்மா கேட்டு நான்கு மாதம் ஆகிறது. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கர்த்தர் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் பெயர் ஜெயசீலி. புதுப்பட்டினத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தாசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் அணுபுரம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்து வந்தேன். ஒரே மகள் நிர்மலாவைத் திருவிடந்தையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சபையில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் முதலில் எழும்புகிற சத்தம் என்னுடையதாகத்தான் இருக்கும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் நெற்றியில் பூசி ஜெபிக்கிற எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பேன். மணிக்கணக்கில் ஜெபிப்பேன். எனக்கு ஜெபம் வரும் என்ற பெருமை எனக்குள் இருந்தது. அன்றைக்கு அதைப் பெருமை என்று நான் நினைக்கவில்லை.

ஜனவரியில் வலது பக்க மூக்கு அடைத்துக்கொண்டது. பனிக்காலம்தானே என்று ஆவி பிடித்தேன், தைலம் தடவினேன். பிப்ரவரி முடிந்தும் விடவில்லை. ஒருநாள் நான் வேலை செய்யும் வீட்டு மேடம் ஹாலிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

“என்ன ஜெயசீலி, வீடு பூரா தீஞ்ச வாசனை வருது. பக்கத்துலயே நிக்கிற, உனக்குத் தெரியலையா?”

மூடியைத் திறந்து பார்த்தால் கூட்டு அடிப்பிடித்துக் கரியாகிக் கிடந்தது. எனக்கு எந்த வாசனையும் வரவில்லை.

அதன் பிறகு வலது கண்ணில் காரணமில்லாமல் தண்ணீர் வழிந்தது. மேல் பல் ஒன்று ஆடியது. கடைத்தெருவில் இருக்கிற பல் டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டார். மூன்று வாரமாகியும் அந்தக் குழி ஆறவில்லை. குழிக்குள்ளிருந்து சதை மாதிரி ஏதோ வளர்ந்து நாக்கில் தட்டியது. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் உணர்ச்சியே இல்லை. திரும்பவும் அவரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தவர் அதை அணைத்து மேசையில் வைத்தார்.

“இது பல்லு சம்பந்தப்பட்டது இல்லம்மா. நாளைக்கே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. தள்ளிப் போடாதீங்க” என்றார்.

நான் அடுத்த நாள் போகவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் போனேன். அந்தப் பன்னிரண்டு நாளும் உபவாசம் இருந்தேன். போனால் நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அது அவிசுவாசம் என்று நினைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அதற்காகவே இந்த வரியை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். குழியிலிருந்து கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்து, ஒரு தாளில் முகத்தை வரைந்து காட்டினார். கன்னத்து எலும்புக்குள் காற்று நிற்கிற ஓர் அறை இருக்கிறதாம். புற்றுநோய்க் கட்டி அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. கீழே பல் வரைக்கும் இறங்கிவிட்டது. மேலே கண் உட்காருகிற எலும்பைத் தொட்டுவிட்டது.

“ஆபரேசன் பண்ணா சரியாப் பூடுமா சார்?” என்று தாசன் கேட்டார்.

“பண்ணலாம். ஆனா மேல் தாடை பாதி போயிடும். கண்ணையும் எடுக்க வேண்டி வரலாம். அப்புறம் கரன்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கணும். யோசிக்கிறதுக்கு நிறைய நாள் எடுத்துக்காதீங்க” என்றார். அவர் கோபமாகவோ அவசரமாகவோ சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் அது உண்மை என்று எனக்குப் புரிந்தது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். தாசன் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. கையை ஹேண்டில் மேல் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். திருக்கழுக்குன்றம் போக வேண்டும் என்று இரண்டு பெண்கள் வந்து ஏறப் பார்த்தார்கள். “வண்டி ரிப்பேரும்மா, வேற வண்டி பாத்துக்கோங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“இன்னா பண்ணலாம் சீலி?”

“வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

சபையார் மூன்று வாரம் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று பகல் முழுக்க எனக்காக ஜெபித்தார்கள். நானும் ஜெபித்தேன். அது கேட்கிற ஜெபமாக இல்லை, கட்டளை போடுகிற ஜெபமாக இருந்தது. கட்டி கரைய வேண்டும், என் முகத்தில் கத்தி படக்கூடாது, டாக்டர் ஆச்சரியப்பட வேண்டும் என்று கர்த்தருக்கு வரிசையாகச் சொன்னேன். மே மாதம் ஆபரேஷனுக்கு முன்னால் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். முழு நிச்சயத்தோடு போனேன்.

கட்டி வளர்ந்திருந்தது.

அன்றோடு எனக்கு ஜெபம் நின்றுபோனது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே ஒன்றும் இல்லை. முழங்கால் போட்டால் சும்மா முழங்கால் போட்டிருப்பேன், அவ்வளவுதான். வாயும் சரியாகத் திறக்கவில்லை. தாடை இறுகி, ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை சபையிலிருந்து பாட்டுச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது.

இப்போது வெட்கத்தை எழுதுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் லீலா என்ற சகோதரியின் வீட்டுக்காரர் மோசஸுக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்தது. பெயின்ட் அடிக்கிற வேலை செய்தவர், சாதுவான மனுஷன். நான் அவர்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை போய் ஜெபித்தேன். மோசஸ் இறந்துபோனார். மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்த எல்லோருக்கும் முன்னால் நான் லீலாவிடம் சொன்னேன்: “உங்க வூட்டுல விசுவாசம் கொறைஞ்சி பூட்ச்சி லீலா. அதான் ஆண்டவர் கை நீட்டல.”

லீலா அப்போது அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அதன் பிறகு அவள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் சத்தியத்தைச் சொன்னேன், அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்கு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். மே மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக என்னிடமே திரும்பி வந்தன. என் வீட்டில் யாருடைய விசுவாசம் குறைந்துபோனது என்று யோசித்தேன். தாங்க முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் லீலா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்க்கும் ஒரு பையும் இருந்தன. நான் எழுந்து உட்கார்ந்தேன். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“வாய் எவ்ளோ தொறக்குதுக்கா?” என்று கேட்டாள்.

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. விரலைக் காட்டினேன்.

“அப்ப ஸ்பூன் ஆவாது” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்தாள். மோசஸுக்கு அவள் அப்படித்தான் ஊட்டியிருக்கிறாள். வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியை அதில் உறிஞ்சி, நல்ல பக்கத்துக் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். இரண்டு நாளைக்குப் பிறகு என் வயிறு அன்றுதான் நிறைந்தது. அவள் ஜெபிக்கவில்லை. வசனம் சொல்லவில்லை. சிரிஞ்சைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் வந்தபோது தாசனும் வீட்டில் இருந்தார்.

“அண்ணாத்த, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க” என்றாள். “மெட்ராஸ்ல எங்க வூட்டுக்காரரு படுத்துகினு இருந்தப்ப பக்கத்து பெட்டுல ஒரு ஆளு. அவருக்கு தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய வுட்டு, கட்டிக்குப் போற ரத்தக்குழாய்லயே மருந்து குட்தாங்க. அத்தப் பத்தி கேக்கணும்னு எங்களுக்குத் தெரியல. தெரிஞ்சப்ப டயமு இல்ல. நீங்க கேளுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ட்டும். கேக்காம வுட்டுடாதீங்க.”

தாசன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

செங்கல்பட்டு டாக்டரிடம் போய்க் கேட்டோம். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. எல்லோருக்கும் ஒத்துவராது, எல்லா இடத்திலும் செய்யமாட்டார்கள், சென்னையில் செய்கிற இடத்துக்கு நானே கடிதம் தருகிறேன், அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றார். ஜூன் முதல் வாரத்தில் சென்னைக்குப் போனோம். அங்கே நான்கைந்து டாக்டர்கள் உட்கார்ந்து என் ஸ்கேனைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் எங்களிடம் வந்து பேசினார். நிர்மலா வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சாதாரணமாகப் புற்றுநோய் மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். அது உடம்பு முழுக்கச் சுற்றி, கொஞ்சம்தான் கட்டிக்குப் போய்ச் சேரும். இதில் தொடை மடிப்பில் இருக்கிற ரத்தக்குழாயில் மெல்லிய குழாயை விட்டு, நெஞ்சைக் கடந்து, கழுத்தைக் கடந்து, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகிற கிளை வரைக்கும் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். மருந்தை அந்த வாசலிலேயே விடுவார்கள். அதே நேரத்தில் கை நரம்பு வழியாக முறிவு மருந்தும் ஏறும். கட்டியைத் தாண்டி உடம்புக்குள் வருகிற விஷத்தை அது அடக்கிவிடும். வாரம் ஒருமுறையாக நான்கு தடவை. கூடவே தினமும் கரன்ட்.

“கண்ணு தப்பிச்சிடுமா டாக்டர்?” என்று தாசன் கேட்டார்.

“உறுதியா சொல்ல மாட்டேன். கட்டி சுருங்கினா கண்ணைக் காப்பாத்தலாம். சுருங்கலன்னா ஆபரேஷன்தான். இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்துலதான் மூளைக்குப் போற குழாயும் இருக்கு. ரொம்பக் கவனமா செய்வோம். ஆனா ஸ்ட்ரோக் வர்றதுக்கு ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. அதைத் தெரிஞ்சிக்கிட்டுதான் நீங்க கையெழுத்துப் போடணும்.”

கையெழுத்துப் போட்டேன். விசுவாசத்தில் போட்டேன் என்று சொன்னால் அது பொய். வேறு வழி தெரியாமல் போட்டேன்.

சிகிச்சை நாட்களில் திருவிடந்தையில் மகள் வீட்டில் தங்கினேன். அங்கிருந்து சென்னை கிட்ட. முதல் தடவை எல்லாம் நல்லபடியாக நடந்தது. மேசையில் படுக்க வைத்து, தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அசையக்கூடாது. படம் எடுக்கும்போது எச்சில்கூட விழுங்கக்கூடாது. உள்ளே குழாய் போவது தெரியவே இல்லை. ஏதோ மருந்தைப் பாய்ச்சியபோது மட்டும் மரத்துப்போயிருந்த அந்தக் கன்னத்துக்குள் சுடுதண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. பல மாதங்களாக அந்தக் கன்னத்தில் நான் உணர்ந்த முதல் உணர்ச்சி அந்தச் சூடுதான்.

இரண்டாம் தடவை ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நடந்ததைத்தான் நான் சாட்சி என்று சொல்ல வந்தேன்.

குழாய் உள்ளே போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். கை கால் சரியாக அசைகிறதா என்று பார்க்க, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டாக்டர் வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

“ஜெயசீலி, இடது கையைத் தூக்குங்க.”

தூக்கினேன். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

“இடது கைம்மா. தூக்குங்க.”

கண்ணைத் திருப்பிப் பார்த்தேன். என் கை துணியின் மேல் அப்படியே கிடந்தது. யாருடைய கையோ அங்கே வைத்தது போல் இருந்தது. மறுபடி தூக்கப் பார்த்தேன். அது வரவில்லை. டாக்டர் உள்ளே ஓடி வந்தார். “மருந்து விட வேணாம், நிறுத்துங்க” என்றார். யாரோ ஊசி ஏற்றினார்கள். யாரோ என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். என் பேரைக் கேட்டார்கள். சொல்ல வந்தேன். நாக்கு புரளவில்லை.

பிரியமானவர்களே, நான் எத்தனையோ பேருக்கு மணிக்கணக்கில் ஜெபித்தவள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனங்கள் எத்தனையோ. அந்த மேசையில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கையை உயர்த்த முடியாது. முழங்கால் போட முடியாது. வாய் திறக்க முடியாது. தாசன் கதவுக்கு வெளியே இருந்தார், உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. எனக்குள்ளே இருந்தது ஒரே ஒரு எண்ணம். கண்ணைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. கையைக் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. இயேசப்பா, என்னை இங்கே தனியா விட்டுடாதே. அதைத்தான் மனதுக்குள் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அது ஜெபமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. இடது கை இருந்த பக்கத்திலிருந்து ஏதோ கதகதப்பாக வந்தது. முதலில் அது என்ன என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. யாரோ என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திருப்பினேன். அங்கே இருந்த நர்ஸ், எக்ஸ்ரேயைத் தடுக்கிற கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு, குனிந்து என் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை. அவர் ரொம்ப நேரமாகவே பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். எனக்குத்தான் அதுவரை தெரியவில்லை.

“அழுத்துங்கம்மா. என் கையை அழுத்துங்க” என்றார்.

அழுத்தினேன்.

“வந்துடுச்சு டாக்டர்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்குக் கண்ணீர் வந்தது. அசையக்கூடாது என்றதால் துடைக்காமல் விட்டுவிட்டேன். தனியாக விடாதே என்று நான் சொல்வதற்கு முன்பே அந்தக் கை என் கையைப் பிடித்திருந்தது. அந்த நர்ஸ் வேறு நம்பிக்கை உள்ளவர், பெயரை வைத்துத் தெரிந்துகொண்டேன். அவர் தன் வேலையைத்தான் செய்தார். எனக்கு அதுவே பதிலாக இருந்தது. சிலர் இதைத் தற்செயல் என்பார்கள். நான் வாதாட மாட்டேன். படுத்திருந்தவள் நான்.

கை முழுதாகத் திரும்பி வந்தது. பேச்சும் சாயங்காலத்துக்குள் சரியானது. மூளை ஸ்கேனில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் மருந்து போகவில்லை. பெண் டாக்டர் வார்டுக்கு வந்து சொன்னார்: இத்தோடு நிறுத்திக்கொண்டு கை நரம்பிலேயே மருந்து ஏற்றலாம், அல்லது ஒரு வாரம் விட்டுத் தொடரலாம். முதல் தடவையிலேயே கட்டி கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கிறது. முடிவு உங்களுடையது, நான் வற்புறுத்த மாட்டேன்.

அன்றைக்கு வார்டில் என்னோடு இருந்தது லீலா. தாசன் மாத்திரை வாங்கப் போயிருந்தார். நான் அவளிடம் பேசினேன். வாய் வலித்தது, ஆனாலும் பேசினேன். அன்றைக்கு மூன்றாம் நாள் ஜெபத்தில் சொன்னது பாவம் லீலா, மோசஸுக்கு விசுவாசம் குறையவில்லை, எனக்குத்தான் அன்பு இல்லை, என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கி மூடி ஓரமாக வைத்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யிக்கா” என்றாள். “நாலு வருசமா அந்தப் பேச்ச நெனச்சிகினுதான் கீறேன். ராத்திரி படுத்தா அது வரும். ஒருவேள என்னாலதான் பூட்டாரோன்னு. அத்த நீ ஒரு நாள்ல எடுக்க முடியாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆனா நான் வந்துகினுதான் இருப்பேன். நீ பயப்படாத. அடுத்த தபாவும் நானே வரேன்.”

மன்னிக்காமலே ஒருத்தி எனக்கு ஊட்டிவிட்டாள். அதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. கர்த்தருடைய இரக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் தகுதியாகும் வரைக்கும் அது காத்திருப்பதில்லை.

மறுபடி அந்த மேசையில் ஏறினேன். ஏறுவதற்கு முன் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவ்வளவுதான் என் தைரியம். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் மருந்து போய்ச் சேர்ந்தது. கரன்ட் வைத்ததில் வாய் முழுக்கப் புண். மூக்கு வழியாக ஒரு குழாய் போட்டுத்தான் கஞ்சி. பேத்தி என் முகத்தைப் பார்த்து பயந்து மகள் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். பல நாள் நான் ஜெபிக்கவில்லை. மற்றவர்கள் ஜெபித்தார்கள். தாசன் வெறுமனே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அதுவே அவருடைய ஜெபம்.

நவம்பர் மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், ஸ்கேன் பார்த்துவிட்டு பெண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கட்டி இருந்த இடத்தில் வடு மாதிரிதான் தெரிகிறது என்றார். மூக்கு வழியாக உள்ளே போய்ச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அதில் உயிருள்ள புற்றுநோய் செல் எதுவும் இல்லை. கண்ணை எடுக்கத் தேவையில்லை, தாடையை எடுக்கத் தேவையில்லை.

தாசன் “அப்ப வூட்டுக்குப் போலாமா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார். போகலாம் என்றார். வராந்தாவுக்கு வந்ததும் அவர் சுவரில் சாய்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. வலது கண்ணில் பார்வை மங்கலாகத்தான் இருக்கிறது. அதில் ஈரம் நிற்பதில்லை, சொட்டு மருந்து விட வேண்டும். கன்னம் இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கிறது. வாசனை திரும்பி வரவில்லை. சமையல் வேலைக்கு இப்போது ஒரே வீட்டுக்குப் போகிறேன், அந்த மேடமே பக்கத்தில் நின்று வாசனை பார்த்துச் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். குணமாகிவிட்டது என்ற வார்த்தையை டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் பார்த்துத்தான் சொல்வாராம். ஒவ்வொரு தடவையும் பெயர் கூப்பிடும்வரை தாசன் கையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மோசஸ் ஏன் போனார், நான் ஏன் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை இப்போது பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றுமட்டும் மாறிவிட்டது. நோயாளி வீட்டுக்கு இப்போதும் போகிறேன், ஆனால் எண்ணெய்க் குப்பியோடு முதலில் நுழைவதில்லை. சாப்பிட்டீர்களா, எங்கே வலிக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் கூடப் போகிறேன். ஜெபம் அதற்குப் பிறகு, அவர்கள் கேட்டால். போன மாதம் சபையார் முன்னால் எழுந்து நின்று, மோசஸ் வீட்டைப் பற்றி நான் சொன்னது தவறு என்று சொன்னேன். லீலா இன்னும் சபைக்கு வருவதில்லை, அன்றைக்கும் வரவில்லை. யாரோ போய் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் அவள் என்னைப் பார்த்தபோது, “நேத்து மாத்திரை போட்டியா?” என்று கேட்டாள்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது மூக்கு ஒரு பக்கம் விடாமல் அடைத்திருந்தால், பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருந்தால், கன்னம் மரத்துப்போயிருந்தால், ஜெபித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். நாளைக்கே போங்கள். எனக்குக் கொடுத்த மருந்து உங்களுக்கு ஒத்துவருமா என்று எனக்குத் தெரியாது. அதை அவர்கள் சொல்வார்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இனி ஜெபிக்கவே முடியாது என்ற இடத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அங்கே இருந்தேன். உங்கள் விசுவாசம் எவ்வளவு என்று நாங்கள் யாரும் உங்களை அளந்து பார்க்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாருங்கள். பாட வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கும், சும்மா உட்காருங்கள். வாய் திறக்க முடியாதவர்களையும் கேட்கிற தேவன் ஒருவர் இருக்கிறார். உங்களுக்காகப் பேசுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.